ஜாவாவின் வடகரைச் சமவெளியில் ஒரு நெல் கிராமம் எப்படிப் பிழைக்கிறது?

இந்தோனேசியாவின் தாழ்ந்த சமவெளியில் ஒரு சின்ன விவசாயக் கிராமம் எப்படி இருக்கும், எல்லோருக்கும் நிலம் உண்டா, வருஷத்துக்கு எத்தனை போகம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "அணை இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, ரெண்டு போகம் நெல் விளைகிறது, அப்புறமும் ஏன் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகிறார்கள்?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். நெல் விரிவாக்க வேலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றுக்குள் போனதும் முதலில் விசாரிப்பது ரெண்டு விஷயம். வாய்க்காலில் இந்த ஊர் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அறுப்பில் யாருக்கு எத்தனை பங்கு? இந்த ரெண்டும் தெரிந்தால் ஊரின் முக்கால்வாசி புரிந்துவிடும். அந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் எல்லை. நான் சொல்லப்போவது ஜாவா தீவின் வடகரைச் சமவெளி, அதிலும் மேற்கு ஜாவா மாகாணத்து இந்திரமாயு மாவட்டம். 'பந்துரா' என்று அவர்கள் சொல்லும் இந்தக் கடற்கரைப் பட்டையில் கரவாங், சுபாங், இந்திரமாயு மூன்றும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நாட்டிலேயே அதிக நெல் விளையும் மாவட்டம் என்ற இடம் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் இந்திரமாயுவுக்குத்தான். தெற்கு சுமத்ரா, தெற்குக் கலிமந்தான் பக்கத்தில் கடல் ஏற்றவற்றத்தை நம்பிய சதுப்பு வயல்கள் உண்டு; ரியாவு, ஜாம்பியில் குடியேற்றத் திட்டத்தில் குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் எண்ணெய்ப்பனை வாங்கிய ஊர்கள் உண்டு. அவையும் சமவெளிக் கிராமங்கள்தான், ஆனால் கீழே வரும் கணக்குகள் அங்கே செல்லாது.

'சின்ன கிராமம்' என்பதில் ஒரு திருத்தம். இந்தோனேசிய நிர்வாகத்தில் கிராமம் என்பது 'தேசா'; நம் 'தேசம்' வந்த அதே சமஸ்கிருதச் சொல். இந்திரமாயுவில் 309 தேசாக்களும் நகரப் பகுதிகளான 8 கெலுராஹான்களும் இருக்கின்றன. மாவட்ட மக்கள்தொகை 18 லட்சத்துக்குக் குறையாது. வகுத்துப் பார்த்தால் ஒரு தேசாவுக்குச் சராசரி 5,000 முதல் 6,000 பேர், பரப்பு ஆறேழு சதுர கிலோமீட்டர். நம் மனதில் இருக்கும் நூறு வீட்டுக் கிராமம் அங்கே 'ப்ளோக்' எனப்படும் உட்பிரிவு. வீடுகள் பெரும்பாலும் சாலையையோ வாய்க்கால் கரையையோ ஒட்டி நீளமாக வரிசை கட்டி நிற்கும். வீட்டுக் கொல்லையில் மா, வாழை, தென்னை, நாலைந்து கோழி, வாத்து. கொல்லை முடிந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். தரை மட்டம் கடலிலிருந்து பெரும்பாலும் 20 மீட்டருக்குள், சரிவு 0 முதல் 2 சதவீதம். இந்தச் சரிவின்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் பேச்சில் மறுபடி வரும். கொல்லை மாமரத்தைச் சொன்னதால் ஒரு சின்னச் செய்தி: இந்திரமாயுவை 'மங்கா நகரம்' என்பார்கள், அந்த 'மங்கா' நம் 'மாங்காய்' கடல் கடந்து போன சொல்தான்.

ஊரை ஆள்வது தேர்தலில் வென்ற தலைவர். நாடு முழுக்க அவர் 'கெப்பாலா தேசா'. சிரெபோன், இந்திரமாயு வட்டாரத்தில் பழைய பெயரான 'குவு'. 2014-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் கிராமச் சட்டம் பதவிக்காலத்தை 6 ஆண்டு, மூன்று முறை வரை என்று வைத்தது. 2024-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம் அதை 8 ஆண்டு, இரண்டு முறை என்று மாற்றியது. அவருக்குக் கீழே எழுத்து வேலைக்கு 'ஜுரு துலிஸ்', பாசனத்துக்கு 'ரக்சாபூமி', மதக் காரியங்களுக்கும் திருமணப் பதிவு உதவிக்கும் 'லெபே'. அடியில் 'ஆர்.டபிள்யூ.', அதற்கும் அடியில் சில பத்து வீடுகள் கொண்ட 'ஆர்.டி.', இந்த அண்டைவீட்டுக் குழு முறை 1944-இல் ஜப்பானிய ராணுவ ஆட்சி கொண்டுவந்தது, இன்றும் ரேஷன் அரிசி முதல் இரவுக் காவல் வரை அதன் வழியாகத்தான் நடக்கிறது. 2015 முதல் மைய அரசு ஒவ்வொரு தேசாவுக்கும் நேரடியாக நிதி தருகிறது. 2024-இல் மொத்தம் 71 லட்சம் கோடி ரூபியா. 75,000-க்குச் சற்று அதிகமான தேசாக்களுக்குப் பிரித்தால் சராசரி 94 கோடி ரூபியா, இந்திய ரூபாயில் ஏறத்தாழ அரைக் கோடி. வரப்புச் சாலை, சிறு வாய்க்கால் சிமெண்ட் பூச்சு, குழந்தை எடை பார்க்கும் மாதாந்திர 'போஸ்யாண்டு' முகாம் எல்லாம் இதில் நடக்கும்.

வெளியார் பலர் கவனிக்காத ஒன்று, ஊர்ப் பொதுநிலம். குவுவுக்கும் அலுவலர்களுக்கும் முன்பு சம்பளத்துக்குப் பதிலாக உழுது தின்ன விடப்பட்ட வயல் 'பெங்கோக்'. ஊருக்கே சொந்தமாகி, ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விடப்படும் வயல் 'திதிசாரா'. நிலமில்லாதவர் நிலத்தில் கால் வைக்க இருக்கும் சில வாசல்களில் இந்த ஏலமும் ஒன்று. ஆனால் குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும், அதனால் கையில் காசுள்ளவர்தான் பெரும்பாலும் எடுப்பார். நில அளவில் ஹெக்டேர் அரசுத் தாளில் மட்டும்தான். பேச்சில் 'பாவு'. ஒரு பாவு சுமார் 7,000 சதுர மீட்டர், ஒன்றே முக்கால் ஏக்கர். 500 'பாதா', ஒரு பாதா 14 சதுர மீட்டர். அரை ஹெக்டேருக்குக் குறைவாக உழுபவரை அரசே 'பெத்தானி குரெம்' என்று தனியாக எண்ணுகிறது. 2013 விவசாயக் கணக்கெடுப்புக்கும் 2023 கணக்கெடுப்புக்கும் நடுவில் இவர்களின் எண்ணிக்கை நாட்டளவில் ஏறித்தான் இருக்கிறது. ஆக, எல்லோருக்கும் நிலம் உண்டா என்ற கேள்விக்குப் பதில், இல்லை. நிலம் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு அது ஒரு பாவுக்குக் கீழே.

இப்போது தண்ணீர். இந்திரமாயுவின் பெரும்பகுதிக்குச் சிமானுக் ஆற்றில் உள்ள ரெந்தாங் தடுப்பணைதான் உயிர். மஜலெங்கா, சிரெபோன், இந்திரமாயு மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 88,000 ஹெக்டேர் ஆயக்கட்டு. மேலே ஜாத்திகெடே அணையில் 2015-இல்தான் நீர் தேக்கத் தொடங்கினார்கள். மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக்குத் தண்ணீர் வேறு ஆற்றிலிருந்து வருகிறது: சிதாரும் ஆற்றில் 1967-இல் திறந்த ஜாத்திலுஹூர் அணையின் கிழக்குத் தாரும் கால்வாய், கரவாங்கையும் சுபாங்கையும் தாண்டி இங்கே வந்துதான் முடிகிறது. அதாவது அந்த ஊர்கள் நாட்டின் மிகப் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்றின் கடைமடை. எல்லா வயலுக்கும் ஒரே நாளில் தண்ணீர் விட முடியாது என்பதால் ஜாத்திலுஹூர் ஆயக்கட்டை 'கொலோங்கான்' எனப்படும் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் தள்ளித் திறக்கிறார்கள். தலைமடை ஊர் நாற்று நட்டு மேலுரம் போடும்போது கடைமடை ஊர் இன்னும் உழவுக்குத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்.

அட்டவணை தாளில் நியாயமாகத்தான் இருக்கிறது. தடம் புரள்வது எங்கே என்றால், சரிவே இல்லாத தரையில் வாய்க்கால் நீர் மெதுவாக ஓடும், வண்டல் படியும், படிந்த இடத்துக்குக் கீழே நீர்மட்டம் எழும்பாது. மேலே உள்ளவர் பம்பு வைத்து முறை மீறி உறிஞ்சுவார். மழைப்போகம் இரண்டு வாரம் தள்ளிப்போனால், அதே இரண்டு வாரம் கோடைப்போகத்திலும் தள்ளும். அப்போது கடைமடைப் பயிர் கதிர் விடும் நேரம் ஜூலை, ஆகஸ்டில் வந்து விழும், ஆற்றில் நீர் குறைந்த மாதங்களில். நெல்லுக்குத் தண்ணீர் தட்டினால் தாங்கவே முடியாத பருவம் அதுதான்: தூர் கட்டும் பருவத்தில் பத்து நாள் காய்ந்தால் பயிர் மீளும், பூக்கும் பருவத்தில் காய்ந்தால் பதர்தான். அதனால் கோடையில் 'கிலிர் கிரிங்' என்ற முறை வைப்பு வரும். மேல்மதகுகளை அடைத்துத் தண்ணீரைக் கடைமடைக்குத் 'துரத்திக்கொண்டு' போவது. இரவெல்லாம் மதகில் ஆள் காவல் நிற்கும். காண்டாங்காவுர், லொசாராங் வட்டங்களில் இந்தப் பாடு அடிக்கடி வருவது. கடலோர ஊர்களில் இன்னொரு ஆபத்து: ஆற்றில் நன்னீர் இறங்கியதும் உப்புநீர் மேலேறும். நெல் உப்புக்கு மெல்லிய பயிர். மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கும். இறைப்பு எந்திரம் வைத்திருப்பவர்களில் பலர் இப்போது அதைச் சமையலறையின் 3 கிலோ பச்சை எரிவாயு உருளையில் ஓட்டுகிறார்கள். உருளைக்குத் தட்டுப்பாடு வந்தால் அடுப்போடு வயலும் காயும்.

போகம் ரெண்டு. நவம்பர், டிசம்பரில் மழையோடு தொடங்குவது 'ரெண்டெங்'. ஏப்ரல், மே மாதத்தில் தொடங்குவது 'காடு' (எழுத்து ஒன்றானாலும் நம் காட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). மூன்றாவதாக ஈரம் மிஞ்சிய வயலில் 60, 65 நாளில் முடியும் பாசிப்பயறு, இல்லாவிட்டால் தர்ப்பூசணி, இல்லாவிட்டால் தரிசு. ரகம் என்றால் நீண்ட காலம் 2000-இல் வெளியான சிஹெராங். இப்போது 2013-இல் வந்த இன்பாரி 32-க்கு மவுசு, பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்குவதால். ஜனவரி வெள்ளத்தில் நட்ட பயிர் மூழ்கும் பள்ள வயல்களுக்கு 2012-இல் வெளியான இன்பாரி 30 உண்டு. சிஹெராங்கிலேயே மூழ்குதல் தாங்கும் மரபணுவைச் சேர்த்தது, பத்துப் பன்னிரண்டு நாள் நீருக்குள் கிடந்தாலும் திரும்ப எழும்.

ஒரு ஹெக்டேருக்கு 25 கிலோ விதை, 400 முதல் 500 சதுர மீட்டர் நாற்றங்கால். விதையை உப்புநீரில் போட்டு மிதப்பதை நீக்கி, நன்றாக அலசி, 24 மணி நேரம் ஊறவைத்து, அதே அளவு நேரம் மூட்டம் போட்டு, முளை கண்டதும் தெளிப்பார்கள். கைட்ராக்டரில் சேற்றுழவு ரெண்டு ஓட்டம், பிறகு வயலை மட்டப்படுத்தும் பரம்பு. பரம்பில் சோம்பல்பட்டால் தண்டனை உடனே கிடைக்கும்: பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் இடத்தில் தங்க நத்தை இளநாற்றைக் கத்தரித்துவிடும், மேட்டில் களை வரும். அதனால்தான் நட்ட முதல் பத்து நாள் தண்ணீரை ஏறக்கட்டாமல் சேறு நனைந்திருக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, ஓரத்தில் சிறு பள்ளக்கால் எடுத்து, அங்கே பப்பாளி இலையைப் போட்டு நத்தையைக் கூட்டிப் பொறுக்குவது வழக்கம். நாற்றின் வயது 15 முதல் 21 நாள், குத்துக்கு 2 அல்லது 3. நடவு பெண்கள் வேலை, ஒரு ஹெக்டேருக்கு 20, 25 ஆள் நாள். பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். 'தாண்டுர்' என்ற சொல்லையே 'ஒழுங்காகப் பின்வாங்குவது' என்று பிரித்துப் பொருள் சொல்லும் ஜாவானியர் வழக்கு உண்டு.

இடைவெளியில் ரெண்டு கட்சி. பழையது 25க்கு 25 சென்டிமீட்டர் சதுரம், ஹெக்டேருக்கு 1,60,000 குத்து. அரசு பரிந்துரைப்பது 'ஜஜார் லெகோவோ' 2:1: ரெண்டு வரிசை நெருக்கமாக, பிறகு 50 சென்டிமீட்டர் சந்து, வரிசைக்குள் 12.5 சென்டிமீட்டர். குத்து 2,13,000-க்கு மேல் வரும், எல்லா வரிசையும் வரப்போர வரிசை போலக் காற்றும் வெளிச்சமும் பெறும், உரம் போடவும் நடக்கவும் சந்து இருக்கும். முறை நல்லதுதான். ஆனால் நடவுக் கூலி ஏறும், நாற்று அதிகம் வேண்டும். சந்தில் விட்ட நாற்றை வரிசைக்குள் நெருக்கி நடாமல் வெறுமனே சந்து மட்டும் விட்டால் குத்து கூடாது, குறையும். லெகோவோ போட்டும் பயனில்லை என்று சொல்பவர்களின் வயலில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

உரம் யூரியாவும் கூட்டு உரமும், மூன்று தவணை: நட்ட 7 முதல் 10-ஆம் நாள், 21 முதல் 25, பிறகு 35 முதல் 40. மானிய உரம் வேண்டுமென்றால் விவசாயிகள் குழுவின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், 2 ஹெக்டேர் வரைதான். விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கோ ஒத்திக்கோ உழுபவர் பெயர் பட்டியலில் ஏறாமல் நிலக்காரர் பெயரே நிற்பது இங்கே நடைமுறைச் சிக்கல். இலை கரும்பச்சையாக இருந்தால்தான் மனசு ஆறும் என்று யூரியாவை அள்ளிக் கொட்டும் பழக்கம் விடுபடவில்லை. அந்தக் கரும்பச்சைதான் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு அழைப்பு.

பூச்சியில் நான்கை மட்டும் சொல்கிறேன், ஊர் ஒன்றாக நடந்தால்தான் தீரும் பிரச்சினைகள் என்பதால். புகையானுக்கு அங்கே சொல்லும் வரம்பு, நட்டு 40 நாளுக்குள் குத்துக்கு 9 பூச்சி, அதன்பின் 18. அதற்கு முன்பே மருந்தடித்தால் சிலந்தி சாகிறது, புகையான் முட்டை தண்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, பத்து நாளில் முன்னைவிட அதிகமாக எழும்புகிறது. இந்தப் பாடத்தை நாடு பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1984-இல் அரிசியில் தன்னிறைவு. அடுத்த இரண்டே ஆண்டில் புகையான் அழிவு. 1986-இல் அதிபர் ஆணை எண் 3 நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது, 1989-இலிருந்து விவசாயிகள் வயலிலேயே பூச்சியைப் பார்த்துக் கற்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இரண்டாவது வெள்ளைத் தண்டுத் துளைப்பான், 1990-இல் இந்தக் கரையையே வெள்ளைக் கதிராக்கியது. இதன் புழு கோடை முழுக்க அரிதாளுக்குள் உறங்கிக் கிடந்து முதல் பெருமழையில் விழித்து, எல்லாம் ஒரே சமயத்தில் அந்துப்பூச்சியாகப் பறக்கும். அதனால் மழை விழுந்ததும் அவசரமாக விதைத்தவர் நாற்றங்காலில்தான் முட்டை விழும். விளக்குப் பொறியில் பறப்பின் உச்சத்தைப் பார்த்து, அதிலிருந்து 10, 15 நாள் பொறுத்து விதைத்தால் காசு செலவில்லாமல் தப்பலாம். மூன்றாவது நத்தை, மேலே வந்துவிட்டது.

நான்காவது எலி, எல்லாவற்றிலும் கொடியது. வயல் எலி, பயிர் பொதிக்கு வரும் (கதிர் தண்டுக்குள் திரளும்) காலத்தில்தான் இனப்பெருக்கம் செய்யும், கர்ப்பம் 21 நாள். ஊரெல்லாம் ஒரே வாரத்தில் நட்டால் குட்டி போடும் காலம் சுருங்கும். தலைமடையும் கடைமடையும் ஒரு மாதம் முன்பின் நட்டால் எலிக்குப் பொதிப்பயிர் தொடர்ந்து கிடைக்கும், கடைசியாக நட்ட வயலில் மொத்தப் படையும் இறங்கும். கடைமடைக்காரருக்குத் தண்ணீரோடு எலியும் இப்படித்தான் சேர்ந்தே வினையாகிறது. வரப்பை 30 சென்டிமீட்டருக்குக் குறுகலாக வைத்தால் வளை தோண்ட இடமில்லை. தரிசுக் காலத்தில் ஊர் கூடி வளை தோண்டி அடிக்கும் 'க்ரொப்யோகான்' பலன் தரும். மூன்று வாரம் முன்பே நட்ட ஒரு சின்னப் பொறிவயலைச் சுற்றிப் பிளாஸ்டிக் வேலியும் கூண்டும் வைப்பது அதைவிட நல்ல வழி. கூகை ஆந்தைக்குக் கம்பத்தில் கூண்டு வைப்பதும் பரவுகிறது. வயலைச் சுற்றி மின்கம்பி இழுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது. ஜாவாவில் ஆண்டுதோறும் மனிதர்கள் இதில் சாகிறார்கள், பல நேரம் கம்பி போட்டவரே.

அறுப்புக்கு வருவோம். நமக்கு நெல், அரிசி, சோறு என்று இருப்பதுபோல் அவர்களுக்குப் பயிராக நிற்கையில் 'பாடி', உதிர்ந்ததும் 'காபா', தீட்டியதும் 'பெராஸ்', வெந்ததும் 'நாசி'. விளைச்சலைக் கணிக்க வயலில் 2.5 மீட்டர் சதுரம் அறுத்து எடைபோடுவார்கள், அது 6.25 சதுர மீட்டர், எடையை 1,600-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். 4 கிலோ வந்தால் 6,400 கிலோ. இதில் எளிதாக ஏமாறலாம்: கண்ணுக்கு அழகான மூலையில் சட்டம் வைத்தாலும், லெகோவோ வயலில் வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்து சட்டத்துக்கு வெளியே விழும்படி வைத்தாலும் எண் வீங்கும். அதோடு அது களத்து ஈர நெல். ஈரப்பதம் 25 சதவீதம் வரை உள்ளது ஒரு தரம், 14 சதவீதத்துக்குக் காய்ந்தது இன்னொரு தரம்; காய்ந்த நெல் 100 கிலோவில் அரிசி 63, 64 கிலோதான். செய்தியில் வரும் விளைச்சல் எந்த நிலையில் எடைபோட்டது என்று கேட்காமல் ஒப்பிடாதீர்கள்.

'பாவோன்' என்பது அறுத்தவர் பங்கு, பெரும்பாலும் ஐந்தில் ஒன்று அல்லது ஆறில் ஒன்று. 1970-கள் வரை 'அனி-அனி' என்ற விரல் கத்தியால் கதிரைத் தனித்தனியாகக் கொய்தார்கள், ஊர்ப் பெண்கள் யார் வேண்டுமானாலும் வயலில் இறங்கலாம். குட்டைப் புது ரகங்களோடு அரிவாள் வந்தது, ஆள் குறைந்தது. பிறகு ரெண்டு மாற்றம். ஒன்று 'செப்லோகான்': நடவையோ களையெடுப்பையோ கூலியில்லாமல் செய்து கொடுத்தவருக்கு மட்டுமே அறுப்புரிமை. பங்கு பெயரளவில் அதேதான், அதற்கான உழைப்பு கூடிவிட்டது. மற்றொன்று 'தெபாசான்': அறுப்புக்கு ஒரு வாரம் முன் நிற்கும் பயிரையே வியாபாரிக்கு மொத்தமாக விற்றுவிடுவது, அவர் வெளியூர் ஆட்களோடு வருவார், ஊர்ப் பங்கு பேச்சே எழாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டில் அறுவடை எந்திரம் இந்த இரண்டையும் தாண்டிப் போகிறது. நிலக்காரருக்கு லாபம்: செலவு குறைவு, சிந்தல் குறைவு. ஆனால் அறுப்புக்குப் பத்து, பதினான்கு நாள் முன் தண்ணீரை வடிக்க வேண்டும். மழைப்போகத்தில் வடியாத பள்ளங்களில் எந்திரம் புதைந்துபோகும், அங்கே இன்னும் கை அரிவாள்தான். எந்திரம் போன வயலில் ஏழைப் பெண்கள் சிந்திய கதிரும் பதரோடு போன மணியும் பொறுக்குவார்கள், அதற்கு 'ஙாசாக்' என்று பெயர். ஒரு காலத்தில் ஆறில் ஒரு பங்காக வீட்டுக்கு வந்த நெல் இப்போது இவ்வளவாகச் சுருங்கிவிட்டது என்பதுதான் இந்த ஊர்களில் எனக்கு மிகவும் உறைக்கும் விஷயம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாவு வயல், ஹெக்டேருக்கு 6 டன் களத்து நெல் என்று நல்ல விளைச்சலாகவே வைப்போம். 4,200 கிலோ. ஆறில் ஒன்று பாவோன் 700 போக 3,500. உழுபவர் 'மரோ', அதாவது சரிபாதி வாரத்தில் இருந்தால் 1,750 கிலோ. 2025 ஜனவரியில் அரசு நிர்ணயித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா. அந்த விலையே கிடைத்தாலும் 1 கோடியே 13 லட்சத்து 75 ஆயிரம் ரூபியா. நான்கு மாத உழைப்புக்கு இது. மாதம் 28 லட்சத்துச் சொச்சம், விதை, உரம், உழவு, இறைப்புச் செலவை இன்னும் கழிக்கவில்லை. தொழிற்பேட்டைகள் நிறைந்த கரவாங் மாவட்டத்தில் 2025-இல் சட்டப்படியான குறைந்தபட்ச மாதக் கூலி 55 லட்சம் ரூபியாவுக்கு மேல். நீங்கள் கேட்ட "ஏன் போகிறார்கள்" என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை. வாரச் சாகுபடியில் செலவை யார் ஏற்பது என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். இந்தக் கணக்கில் பெரிதும் உறுதியில்லாத இடம் அது.

காசு முடை வந்தால் நிலம் 'காடாய்' போகும், நம் ஒத்தி போல: கடனைத் திருப்பும்வரை கடன் கொடுத்தவர் உழுவார். உரக்கடையில் 'யார்னென்', அறுத்தபின் பணம். பயிர்க் காப்பீடு 2015 முதல் இருக்கிறது. தொடங்கியபோது பிரீமியம் ஹெக்டேருக்கு ஒரு போகத்துக்கு 1,80,000 ரூபியா, அதில் விவசாயி கட்டியது 36,000 மட்டும், இழப்பீடு 60 லட்சம் வரை. சேதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கிடைக்கும் என்பதால் பாதி வயல் போனவருக்கு ஒன்றுமில்லை.

எனவே குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் வெளிநாட்டுப் பணம். இந்தோனேசியாவில் அதிகம் பேரைக் கடல் கடந்து அனுப்பும் மாவட்டங்களில் இந்திரமாயு முன்வரிசை. அதிகமும் பெண்கள், தைவான், ஹாங்காங், சவுதி, சிங்கப்பூர், மலேசியா வீடுகளிலும் முதியோர் பராமரிப்பிலும். ஓடு மாற்றி, சுவரில் வழுவழுக் கல் பதித்த வீட்டைக் கண்டால் அது நெல்லில் கட்டியதில்லை என்று யூகிக்கலாம். பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறாள். அனுப்பிய பணத்தில் வயல் வாங்குவதும் நடக்கிறது, உழுவது வேறொருவர்.

ஊர் முஸ்லிம் ஊர். ஆனால் நெல் தெய்வம் தேவி ஸ்ரீ, நம் திருமகளின் அதே 'ஸ்ரீ'. நடவுக்கு முன் 'செடெக்கா பூமி' படையல், பயிர் நிற்கையில் நோய் விலக்க வயல் மூலைகளில் மந்திர நீர் தெளிக்கும் 'மாபாக் தம்பா', அறுப்புக்கு முன் தோல்பாவைக் கூத்தோடு 'மாபாக் ஸ்ரீ'. லெலேயா ஊரில் டிசம்பர் மாதப் புதன்கிழமை ஒன்றில் கன்னிப்பெண்கள் தலை நிறையப் பூச்சூடி இளைஞரோடு ஊர்வலம் வரும் 'ஙாரோத்' நடவுக் காலத்தின் தொடக்கம். வேலைத் திட்டத்துக்கும் சடங்குக்கும் தொடர்பு உண்டு: செடெக்கா பூமி நாள் குறித்தால் ஊர் நாற்றங்கால் நாளும் ஏறக்குறைய ஒன்றாகும், எலிக்கும் புகையானுக்கும் எதிராக வேளாண் துறை கேட்பதும் அதே ஒருமித்த நடவுதான். பழைய 12 'மங்சா' பருவ நாட்காட்டியை மட்டும் நம்ப முடியாத அளவுக்கு மழை புரண்டுவிட்டது. அதனால் 2009 முதல் இந்தோனேசியப் பல்கலைக்கழக மானுடவியலாளர் யுனிதா வினார்த்தோவின் குழுவோடு சேர்ந்து இந்திரமாயு விவசாயிகள் தங்கள் வயலிலேயே மழைமானி வைத்துத் தினமும் காலையில் அளந்து எழுதுகிறார்கள். வானிலைத் துறைக் கணக்கில் பத்து நாளில் 50 மில்லிமீட்டர் பெய்து, அடுத்த இரு பத்துநாட்களும் அப்படியே தொடர்ந்தால்தான் மழைக்காலம் தொடக்கம். முதல் மழையை நம்பி விதைத்து நாற்றைக் காயவிட்டவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

ஒரு குறிப்பிட்ட ஊரின் அரசு விவரத்தாளை வைத்துக்கொண்டு படிப்பதாக இருந்தால் எதை நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர் எல்லை, ப்ளோக் எண்ணிக்கை, பள்ளி, ஊர் வரவு செலவுப் பலகை ஆகியவை சரியாக இருக்கும். தொழில் பட்டியல் அடையாள அட்டையில் எழுதியதை எடுத்தது; 'விவசாயி' என்றவர் பாதிப்பேர் கூலி, வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் இருப்பதாகவே நிற்பார். நிலப் பரப்பு பழைய வரிப் பதிவான 'லெட்டர் சி' புத்தகத்திலிருந்து வந்திருந்தால் இன்றைய உரிமையைச் சொல்லாது, யார் உழுகிறார் என்பதைச் சுத்தமாகச் சொல்லாது. நேரில் போக முடிந்தால் மார்ச், ஏப்ரல் அறுப்பில் ஒரு முறையும் ஆகஸ்டில் ஒரு முறையும் போங்கள். குவுவைப் பார்த்து அனுமதி கேட்டபின், ரக்சாபூமியிடம் இந்த ஊருக்குத் தண்ணீர் எத்தனையாவது முறை என்று கேட்டு, அவரோடு கடைசி மதகு வரை நடந்து போய்ப் பாருங்கள்.